பதிமூணு அடி

ஒத்தக்கடை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு வகை யானைகளைப் பார்க்கலாம். ஒன்று, ஊருக்கே பெயர் சொல்லும் யானைமலை. தும்பிக்கையை நீட்டிப் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. மற்றவை இரும்புக் கடையை ஒட்டிய புளியமரத்து நிழலில் வரிசைகட்டி நிற்கும் குட்டி யானைகள். இவை வந்து இருபது வருஷம்தான் ஆகிறது. 2005இல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்று பெயர் வைத்து இறக்கிய வண்டி. அந்தப் பெயரை இந்தப் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு கம்பெனி வண்டி வந்து நின்றாலும் அதுவும் குட்டி யானைதான்.

என் பைக் பக்கத்துக் கடையில் பஞ்சருக்குக் கிடந்தது. ட்யூபில் மூன்று ஓட்டை என்றார் கடைக்காரர். ஆகவே எனக்கு நேரம் இருந்தது.

எனக்கு முதுகைக் காட்டி நின்ற வண்டியின் டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டைக்குப் பட்டன் போடவில்லை. கேபின் படியில் உட்கார்ந்து தினத்தந்தியை நாலாக மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கடைக்குள்ளிருந்து ஒரு வேட்டிக்காரரும் அவருடைய கொத்தனாரும் வெளியே வந்தார்கள். திருமோகூரில் வீடு கட்டுகிறார்களாம். 12 மி.மீ. கம்பி முப்பது, 8 மி.மீ. கம்பி நாற்பது.

கடை முற்றத்தில் கம்பி நீட்டிக் கிடந்தது. நாற்பது அடிக் கம்பியைத் தரையில் கிடக்கும்போது பார்க்க வேண்டும். இந்த முனையில் நிற்கும் லோடுமேன் அந்த முனையில் நிற்பவரிடம் சத்தம் போட்டுத்தான் பேசுகிறார். உருக்காலையில் யாரோ ஒருவர் கம்பியின் நீளம் 12 மீட்டர் என்று தீர்மானித்தார். வண்டி ஆலையில் வேறு ஒருவர் பின்பெட்டியின் நீளம் 2.2 மீட்டர், அதாவது ஏழடிக்குச் சற்று மேல், என்று தீர்மானித்தார். இரண்டு பேரும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை. அந்தப் பஞ்சாயத்து இப்போது புளியமரத்தடிக்கு வந்திருக்கிறது.

"வெயிட்டு கம்மிதாண்ணே" என்றார் கொத்தனார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். இந்தக் கணக்கு தெரியாத கொத்தனார் கிடையாது. பன்னிரண்டு எம்எம் ஒரு கம்பி பத்தேமுக்கால் கிலோவை ஒட்டி வரும். எட்டு எம்எம் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 510 கிலோ. வண்டிக்கு 750 கிலோ வரை அனுமதி உண்டு.

டிரைவர் பேப்பரை இறக்கவில்லை. "வெயிட்டு இல்லண்ணே. நீட்டம்."

"ரெண்டா வளைச்சிருவோம். எல்லாரும் அப்படித்தானே கொண்டு போறாக?"

எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். அதற்குச் சாட்சி சொல்வதுபோல வரிசையில் மூன்றாவதாக நின்ற வண்டி அப்போது கிளம்பியது. சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்பு லோடு. பதினைந்தடி இருக்கும். பின்டோர் கீழே தொங்க, அடிமரம் உள்ளே, நுனி வெளியே. நுனியில் ஒரு சிவப்புப் பனியனைக் கட்டியிருந்தார்கள். ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது, வண்டி போய்விட்டது. கம்பு மட்டும் அதற்குப் பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

ரோட்டில் ஏற இடதுபக்கம் ஒடித்தான். வண்டி இடதுபக்கம் போனால் வால் வலதுபக்கம் வீசும். பின் சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு நீளம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அகலமான வீச்சு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு அது தெரியாது, அவன் முன்னால் பார்க்கிறான். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். முன்னால் பள்ளிக்கூடப் பை, பின்னால் பிள்ளை. சட்டென்று காலை ஊன்றி நின்றார். சவுக்கு நுனி அவர் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் காற்றைப் பெருக்கிக்கொண்டு போனது. அவர் திட்டக்கூட இல்லை. பிள்ளையைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதைக்கூட நிறுத்தவில்லை.

காக்கிச் சட்டைக்காரர் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். பேப்பரைச் சீட்டில் வைத்துவிட்டு எழுந்தார். "கொத்தனாரே, அந்த டேப்பைக் குடுங்க."

லோடுமேனைக் கூப்பிட்டு டேப்பின் கொக்கியைப் பின்டோர் விளிம்பில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். டேப்பை இழுத்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார். ஆறடி வரை தகடு விறைப்பாக வந்தது. அதற்குமேல் நடுவில் தொய்ந்து, சடக்கென்று மடங்கி விழுந்தது. தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார். என் பெஞ்சுக்கு வந்ததும், "கொஞ்சம் ஒதுங்கிக்கங்கண்ணே" என்றார். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். டேப் நான் உட்கார்ந்திருந்த இடத்தில், என் நெஞ்சு இருந்த உயரத்தில் வந்து நின்றது.

"நாப்பதுல பாதி இருபது. பெட்டி ஏழு போக பதிமூணு. இது வரைக்கும் வண்டிண்ணே."

வேட்டிக்காரர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

இந்த நீளத்தில் ஒரு மோசடி இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் அது பதிமூன்று அடி. நேர் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு 12 மி.மீ. வட்டம், ஒரு புள்ளி. இருட்டினால் அந்தப் புள்ளியும் கிடையாது. சிவப்புத் துணியும் பகலில்தான் சிவப்பு. அது கம்பியைப் பிடித்துக்கொள்வதுமில்லை. 'நான் இப்படித்தான் போவேன், நீ பார்த்து வா' என்று பின்னால் வருகிறவனிடம் பொறுப்பைத் தள்ளிவிடும் துணி அது. ஒரு காலத்தில் மொட்டை மாடிக் கொட்டகைக்கு மூங்கில் கொண்டுவந்தபோது என் அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியை நானே கட்டியனுப்பியிருக்கிறேன். பெரிய முன்ஜாக்கிரதைக்காரன் என்ற நினைப்பு வேறு.

சட்டம் ஒரு காலத்தில் பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ள இடம் கொடுத்திருந்தது. 2014இல் மத்திய அரசு அதையும் எடுத்துவிட்டது. 2019இல் வந்த திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய், லோடை இறக்கும் செலவு தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரும் அதில் மாட்டுவார். ஆனால் டிரைவர் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வேட்டிக்காரர், 'போலீஸ்ல நமக்கு ஆள் இருக்கு' என்று ஆரம்பித்திருப்பார். டேப்புக்கு எதிராக அப்படி ஆள் பிடிக்க முடியாது.

"பின்பாரம் ஆயிரும்ணே" என்று மட்டும் சொன்னார்.

பின்பாரம். அந்தச் சொல்லைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. எங்கள் ஊரில் மாட்டு வண்டி கட்டியவர்களின் சொல் அது. பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து நோகும். தானாகவே மேலே எழும்பினால் பின்பாரம், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டு மூட்டையை முன்னால் தள்ளிப் போட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். குட்டி யானைக்கும் அதே கணக்குதான். பின் அச்சுக்கு வெளியே பாரம் போகப் போக முன் சக்கரம் தரையை விடப் பார்க்கும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகும். மாடாக இருந்தால் இருமிக் காட்டும்.

இதற்குள் வேட்டிக்காரர் வாடகையில் வந்து நின்றிருந்தார். இருபதடி லாரிக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள், இன்றைக்குக் கம்பி போகாவிட்டால் நாளைக்கு ஆள் சும்மா நிற்பான் என்றெல்லாம். அவருடைய கஷ்டமும் பொய்யில்லை. வீடு கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் காசு.

டிரைவர் அவரை விட்டுவிட்டுக் கொத்தனாரிடம் திரும்பினார். "எட்டு எம்எம் பூராம் ரிங்குக்குத்தானே?"

"ஆமா."

"ரிங்கு என்ன அளவு?"

"ஆறுக்கு ஆறு. கொக்கியோட முப்பது இஞ்சு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனதுக்குள் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் சதுர வளையம்தான் ரிங். முப்பது இஞ்சு என்றால் இரண்டரை அடி. நாற்பது அடியில் பதினாறு ரிங், மிச்சம் விழாது. ஐந்தடித் துண்டாக வெட்டினால் ஒரு கம்பிக்கு எட்டுத் துண்டு, துண்டுக்கு இரண்டு ரிங். ஐந்தடி ஏழடிப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும்.

"இங்கனயே வெட்டி எடுத்துக்குவோம். எப்படியும் அங்க வெட்டத்தானே போறீக. இன்னைக்கு ரிங்கு வேலைய ஆரம்பிங்க. அறுநூத்திச் சொச்சம் ரிங்கு, ரெண்டு நாளு ஓடும். பன்னெண்டு எம்எம் நாளைக் காலைல கடை லாரி அந்தப் பக்கம் போகுது, அதுல நேராவே வந்துரும். கூர்மையா மடக்கி, அப்புறம் சம்மட்டியால அடிச்சு நிமித்துறதுக்கு அது நல்லதுல்ல."

"அது வாஸ்தவந்தான். மடக்குன எடம் நொந்துரும்" என்றார் கொத்தனார்.

வேட்டிக்காரர் சம்மதித்தார். சாலையில் போகும் நாலு பேரை நினைத்துச் சம்மதித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை நிற்காது என்று தெரிந்ததும் சம்மதித்தார். எதற்காக என்றால் என்ன, கம்பி வெட்டப்பட்டது. கட்டர் சத்தத்தில் கொஞ்ச நேரம் டீக்கடை ரேடியோ கேட்கவில்லை.

அதன் பிறகு ஏற்றியதைப் பார்க்கத்தான் நான் இரண்டாவது டீ சொன்னேன். ஐந்தடித் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் முறுக்கினார்கள். ஒவ்வொரு கட்டையும் பெட்டியின் முன் தகட்டோடு முட்டவைத்தார் டிரைவர். ஒரு விரல் இடைவெளி இருந்த கட்டை வெளியே இழுத்து மறுபடி தள்ளினார். இரும்பு வழுக்கும். ஓடிவர இடம் கிடைத்தால் பிரேக் பிடிக்கும்போது அது ஓடித்தான் வரும். டிரைவர் முதுகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகடும் ஒரு கண்ணாடியும் மட்டும்.

வேட்டிக்காரர் பன்னிரண்டு மூட்டை சிமெண்ட் என்றார். வெட்டிய கம்பி 190 கிலோ, பன்னிரண்டு மூட்டை 600 கிலோ. "பத்து" என்றார் டிரைவர். மறுபேச்சு இல்லை. டேப்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மூட்டைகள் கம்பியின் மேல், சாக்கு விரித்து, பின் சக்கரத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டன.

கடைசியாக எட்டடிப் பலகை இரண்டு வந்தது. ஏழடிப் பெட்டியில் எட்டடிப் பலகை. இதற்கு என்ன செய்வார் என்று பார்த்தேன். பெட்டியின் அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மூலைக்கு மூலை போட்டால் எட்டரை அடிக்குமேல் இடம் உண்டு. பலகையைக் குறுக்காகச் சாய்த்து வைத்தார். ஒரு முனை இந்த மூலை, மறு முனை அந்த மூலை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் புரியாமல் போன பிதாகரஸ் அங்கே சும்மா படுத்துக் கிடந்தார்.

கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, சக்கரத்தில் ஒரு காலை உதைத்து இறுக்கினார். பிறகு பலகையைப் பிடித்து உலுக்கினார். வண்டி ஸ்பிரிங்கில் ஆடியது. பலகை வண்டியோடு சேர்ந்து ஆடியதே தவிர, தனியாக ஆடவில்லை. "வண்டிதான் ஆடணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. லோடுமேன் ஏற்கெனவே டீக்குப் போய்விட்டார்.

திருமோகூர் ரோட்டில் அரை பர்லாங்கு போனதும் வண்டி ஓரங்கட்டி நின்றது. ரிப்பேர் என்று நினைத்தேன். இறங்கிச் சுற்றி வந்து, கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் தளர்ந்திருந்ததை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினார். வண்டி ஓடத் தொடங்கியதும் லோடு கொஞ்சம் அமுங்கும், புதுக் கயிறு கொஞ்சம் இளகும். பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொத்தனாரை ஏற்றிக்கொண்டு வந்த வேட்டிக்காரர் ஆரன் அடித்தார். டிரைவர் அதைக் காதில் வாங்காமல் ஏறி உட்கார்ந்தார்.

என் பைக் தயாராகிவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டான். காசு கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்டோர் மூடியிருந்தது.