ஈரம் இருக்கும் வரை

பச்சைத் தோலில் கத்தி தவறி விழுந்த கீறல் அரை அங்குலம்தான் இருக்கும். அதைத் தைக்காமல் பலகையில் இழுத்துக் காயவைத்தால், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிடும். ஈரத்தோல் இழுத்த பக்கமெல்லாம் வரும். உலரும்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே விறைத்துவிடும். கனடாவின் வடபகுதிக் காடுகளில் பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்கள், தோலைப் பலகையில் ஏற்றும் முன் ஊசியும் மெழுகு பூசிய நூலுமாக உட்காருவது அதனால்தான். துப்பாக்கிக் குண்டு துளைத்த வட்டமான ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் இரு முனையிலும் சுருக்கம் விழும். அதனால் ஓட்டையின் இரு புறமும் கொஞ்சம் வெட்டி, படகு வடிவமாக்கிக்கொண்டு, தோல்புறத்திலிருந்து நெருக்கித் தைக்கிறார்கள். நன்றாகத் தைத்த இடத்தை மயிர்ப்பக்கமாகப் பார்ப்பவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வேலையில் நேரும் தவறுகளில் பல, ஈரம் இருக்கும்வரை திருத்தக்கூடியவை. இன்னும் சில, காய்ந்த பிறகும் மறுபடி நனைத்தால் திருந்துபவை. மிச்சமானவற்றை எதைச் செய்தாலும் மீட்க முடியாது. எந்தத் தவறு எந்த இனம் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிவதுதான் இங்கே கைத்திறன்.

நரி, கொயோட்டி, மார்ட்டன் போன்ற விலங்குகளின் தோலை வயிற்றில் கிழிக்காமல், பின்கால் பக்கம் திறந்து, குழாய்போல உரித்தெடுப்பார்கள். முதலில் மயிர் உள்ளே இருக்கும்படி பலகையில் ஏற்றுவார்கள். தோல்புறம் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கழற்றி, மயிர் வெளியே வரும்படி திருப்பி மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் பதத்தைத் தவறவிடுவதுதான் புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ஒரு ராத்திரி அதிகமாக விட்டால் தோல் விறைத்துவிடும்; பலத்தைக் காட்டித் திருப்பினால் மூக்கருகிலும் தோள்பட்டையிலும் கிழியும்.

பதற வேண்டியதில்லை. விறைத்த இடத்தில் மட்டும் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தால் தோல் இளகும், மெல்லத் திருப்பிவிடலாம். முழுத் தோலும் காய்ந்து கோணிப்போயிருந்தால், உப்புக் கலந்த குளிர்ந்த நீரில் இளகும்வரை மட்டும் ஊறவைத்து மீண்டும் ஏற்றலாம். வேகமாக இளகட்டும் என்று வெந்நீரை ஊற்றுவதும், தொட்டியிலேயே போட்டு மறந்துவிடுவதும் கூடாது. காய்ந்த தோலில் பாக்டீரியா செத்துவிடுவதில்லை, தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. நனைப்பது தோலுக்கு மட்டுமல்ல, அதற்கும் உயிர் கொடுக்கும்.

பேராசையும் ஒரு பிழைதான். பீவர் என்ற விலங்கின் தோலை ஒட்டுப்பலகையில் நீள்வட்டமாக ஆணியடித்து விரிப்பார்கள். அந்தக் காலத்தில் வளைத்த மரக்கொம்பு வளையத்துக்குள் கயிற்றால் கட்டி விரித்தார்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டித்தான் அளவு கணக்கிடப்படுவதால், இன்னும் ஓர் அங்குலம் இழுத்துப் பார்க்கலாமே என்று கை துடிக்கும். இழுத்தால் தோல் பெரிதாகும், மயிர் அதிகமாகாது. இருந்த மயிரே பரவி, அடிமயிரின் அடர்த்தி குறைந்து, விரலால் விலக்கினால் தோல் தெரியும். தரம் பிரிப்பவர் மயிரை ஊதிப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார். ஆணிகள் அடித்து சில மணி நேரத்துக்குள் கவனித்தால், அவற்றைப் பிடுங்கி உள்ளே தள்ளி அடித்துச் சரிசெய்துவிடலாம்.

பீவரில் இன்னொரு கண்ணியும் உண்டு. தோல் பலகையோடு ஒட்டியே கிடந்தால், மேலே தெரியும் தோல்புறம் மொடமொடவென்று காய்ந்திருக்க, அடியில் மயிர் ஈரமாகவே இருக்கும். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற வடகத்தை டப்பாவில் போட்டு மூடிய கதைதான். அதனால் தோலுக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய குச்சிகளைச் செருகிக் காற்றுப் போக வழிசெய்கிறார்கள்.

இனி திருத்த முடியாதவை. கொழுப்பு அதில் முதலாவது. பீவரும் ரக்கூனும் கொழுத்த விலங்குகள். சதையையும் கொழுப்பையும் சாய்வான கட்டையில் போட்டு இரு கைப்பிடிக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும், மெனக்கெட்ட வேலை. சோம்பல்பட்டு ஒரு படலத்தை விட்டுவைத்தால், அது காற்றோடு சேர்ந்து சிக்குப்பிடித்து, மஞ்சளாகிப் பழுப்பாகி, தோலின் நாரையே அரித்துவிடும். பார்வைக்குத் தோல் முழுசாக இருக்கும். பதனிடும் ஆலையில் தண்ணீரில் போட்டபிறகுதான் அந்த இடம் கையோடு பிய்ந்துவரும். தவறு செய்தவர் ஓரிடம், அதைக் கண்டுபிடிப்பவர் வேறோரிடம். நடுவில் மாதக்கணக்கான இடைவெளி. இந்தத் தொழிலின் மிகக் கெட்ட பிழை இதுவே என்று சொல்லலாம்.

அழுகல் அவ்வளவு நாள் காத்திருக்காது. விலங்கு செத்த உடனே உரிக்காமல் சூட்டோடு குவித்துப்போட்டால் வயிற்றுப்பக்கம் பச்சைபாயும். மயிர்வேர் பிடித்திருக்கும் மேற்புறத் திசு முதலில் கெட்டு, மயிர் கொத்துக்கொத்தாகக் கையோடு வரும். உப்பும் படிகாரமும் போட்டு அழுகலை அந்த இடத்தோடு நிறுத்தப் பார்க்கலாம். உதிர்ந்த மயிரை ஒட்டவைக்க முடியாது. காதும் உதடும் தடிமனான இடங்கள். மெல்ல உலர்வதால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுப்பருகே வைத்து அவசரமாக உலர்த்துவது அடுத்தது. தோலின் நாராகிய கொலாஜன், ஈரமாக இருக்கும்போது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில் முறுக்கவிழ்ந்து சுருங்கிவிடும். தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்ததுதான். சூடேறிய ஈரத்தோலும் அந்த வழியில்தான் இறங்குகிறது. கண்ணாடிபோல் பளபளத்து, மடித்தால் உடையும். குளிர்ந்த, காற்றோட்டமான கொட்டகையில் நாள்கணக்கில் உலர விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பருவம் தவறிப் பிடித்ததையும் திருத்த முடியாது. இலையுதிர்காலத்தில், மயிர் முழுதாக வளரும் முன் கொன்ற விலங்கின் தோல்புறம் நீலம் பாய்ந்திருக்கும். நடுக்குளிரில் அது வெண்மையாகிவிடும்.

எது குறை, எது நிறை என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1670ல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனியின் காலத்தில் பீவர் தோல் ஐரோப்பாவுக்குப் போனது, பெரும்பாலும் கம்பளித் துணிபோல் அழுத்திச் செய்யும் தொப்பிகளுக்காக. அதற்கு வேண்டியது அடிமயிர் மட்டும்தான். பூர்வகுடி மக்கள் மயிர் உள்ளே இருக்கும்படி ஓரிரு குளிர்காலம் உடுத்திய தோலில், நீண்ட மேல்மயிர் உராய்ந்து உதிர்ந்துபோய், உடம்பின் எண்ணெய் ஊறி, அடிமயிர் பதமாகியிருக்கும். தொப்பி வியாபாரிகள் விரும்பி வாங்கியது அதைத்தான். இன்று மேல்மயிர் உதிர்ந்த தோலுக்குத் தரம் இறங்குகிறது. அந்தத் தொப்பித் தொழிலிலேயே, உடுத்தாத காய்ந்த தோலின் மயிரை இறுக்கமாகப் பின்னிக்கொள்ள வைக்கப் பின்னாளில் பாதரச நைட்ரேட்டைப் பூசினார்கள். அந்த ஆவியில் தொப்பித் தொழிலாளர்கள் நரம்புத்தளர்ச்சியும் நடுக்கமும் கண்டு அவதிப்பட்டார்கள். ஒரு தோலின் குறையைச் சரிசெய்ய மனிதர் கொடுத்த விலைகளில் அது மிகக் கொடியது.

நம் ஊரில் தோல் பதனிடும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கதை வேறு. அங்கே ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் உப்பிட்டுக் கொண்டுவந்து, மயிரைச் சுண்ணாம்பால் நீக்கிவிடுகிறார்கள். மயிர் போவது நஷ்டமல்ல. ஆனால் சுண்ணாம்பைத் தொடும் முன்பே அது தானாகக் கழன்றால் எச்சரிக்கை மணிதான். பாக்டீரியா மேற்பரப்பைத் தின்னத் தொடங்கியிருக்கும், பதனிட்ட பிறகு புள்ளிபுள்ளியாகத் தழும்பு தெரியும்.

மீண்டும் மீண்டும் திருத்த இடம் கொடுக்கும் முறையும் கனடாவிலேயே இருக்கிறது. கிரீ, டெனே பெண்கள் மூஸ் என்ற பெரிய மானின் தோலை அதன் கால் எலும்பாலேயே சதை சீவி, மயிரையும் சுரண்டி நீக்கி, விலங்கின் மூளையைத் தேய்த்து, காயும்வரை பிடித்து இழுத்து நெகிழவைப்பார்கள். அட்டைபோல் விறைத்தால் பிழை நேர்ந்துவிட்டது என்று ஒதுக்குவதில்லை. நனைத்து, மூளையைத் தேய்த்து, திரும்பவும் இழுப்பார்கள். மிருதுவான பிறகுதான் உளுத்த மரத்தின் புகைக்கு அனுப்புவார்கள். புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் நார்களைப் பிணைத்துவிடுவதால், பிறகு மழையில் நனைந்து காய்ந்தாலும் தோல் விறைக்காது. கை ஓயும் வேலை. ஒரு தோலைப் பலர் சேர்ந்து இழுப்பது வழக்கம்.

ஓர் உயிரைக் கொன்று எடுத்த தோலைக் கவனக்குறைவால் குப்பையில் போடுவது சாதாரணத் தவறல்ல. அதனால்தான் அழுகிய வயிற்றுப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல முதுகுப்பகுதியைக் கையுறைக்கும் தொப்பியின் காதுமடலுக்கும் குளிர்ச்சட்டைக் கழுத்தோரத்துக்கும் எடுத்து வைக்கிறார்கள். ஏலத்தில் கேட்பார் இல்லாத பீவர் தோலும், வெட்டித் தைத்தால் மைனஸ் 30 டிகிரிக் குளிரைத் தாங்கும் கையுறையாகிவிடும்.