யூரியா போட்ட பெட்டி



ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவுல கண்மாய்ப் பாசனத்துல ஒண்ணரை ஏக்கர் வச்சிருக்கிறவன் நான். முப்பது வருசமா மண்ணுல நின்னவன். இந்த வருசம் முட்டிவலி ஜாஸ்தியாகி, வரப்புல ஏறி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நிலத்தைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன். காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும், ஆனா போறதுக்கு இடம் இருக்காது. அந்தச் சங்கடம் பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

சென்னையில இருக்கிற மக போன்ல சொன்னா, "அப்பா, மாடியில தண்ணியிலயே கீரை வளருங்க. குனியவே வேண்டாம்." மண்ணில்லாம என்னம்மா விவசாயம்னு சிரிச்சேன். ஆனா இது புதுசு இல்லையாம். அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்த கெரிக் என்பவர் 1937-லயே ஹைட்ரோபோனிக்ஸ்ங்கிற பேர்ல இதைப் பத்தி எழுதியிருக்கார். மோட்டாரே இல்லாம செய்யற முறையை ஹவாய் பல்கலைக்கழகத்து கிராட்கி என்பவர் பரப்பியிருக்கார். நான் எடுத்துக்கிட்டது அதைத்தான்.

பழக்கடையில ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, மூடியில ஆறு ஓட்டை போட்டேன். ஓட்டைக்கு ஒரு சின்னக் கூடை, அதுல தேங்காய் நார்க்கழிவு, பாலக்கீரை நாத்து. அடியில தண்ணி. உரத்துக்கு ஏன் காசு செலவு பண்ணணும், வீட்டுல தான் யூரியா இருக்கேன்னு ஒரு கை அள்ளிப் போட்டேன்.

பத்தே நாள். இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. வேர் பழுப்பா, நாத்தம் வேற. "ஏங்க, முப்பது வருசம் விவசாயம் பார்த்த ஆளா நீங்க?"ன்னு வீட்டுக்காரி கேட்டா. பதில் சொல்ல முடியல.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. யூரியாவைப் பயிர் அப்படியே பெருசா எடுத்துக்காது. மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்க அதை அம்மோனியமா, பிறகு நைட்ரேட்டா மாத்திக் கொடுக்கணும். பெட்டித் தண்ணியில அந்த வேலையைப் பார்க்கப் போதுமான ஆள் இல்லை. இத்தனை வருசமா மூட்டை மூட்டையா நான் போட்டேன், வேலை பார்த்தது வேற யாரோ.

ரெண்டாம் தடவை கரையும் உரம் வாங்கினேன். ஏ, பி-ன்னு ரெண்டு பாட்டில். கெட்டிக் கரைசலா ஒண்ணாக் கலந்துடக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மத்ததோட சேர்ந்து அடியில படிஞ்சுடும், பயிருக்குக் கிடைக்காது. தண்ணியில ஒண்ணை ஊத்திக் கலக்கிட்டு மத்ததை ஊத்தணும். போர்த் தண்ணி உப்புங்கிறதால மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டேன். பி.எச். 5.5-ல இருந்து 6.5-க்குள்ள இருக்கணும்.

அப்பவும் ஒரு தப்பு. தண்ணி இறங்க இறங்க, வயலுக்குப் பாய்ச்சுற பழக்கத்துல மேல வரைக்கும் ஊத்தினேன். செடி வாடிப்போச்சு. தண்ணி இறங்கினா மேல் வேருக்குக் காத்து கிடைக்கும், அதுதான் கணக்கே. நான் காத்து வாங்கின வேரை முக்கிட்டேன்.

மூணாவது தடவை, நட்டு முப்பத்தஞ்சாம் நாள், பருப்பு போட்டுக் கடையற அளவுக்குக் கீரை அறுத்தேன். செலவைப் பார்த்தா உழவர் சந்தையிலயே வாங்கியிருக்கலாம். லாபம் எதிர்பார்த்து இறங்காதீங்க. மாடி இருந்து மண் இல்லாதவங்க, ஒரு பெட்டி, ஒரு கீரையோட ஆரம்பிங்க. வெளிச்சம் புகாத பெட்டியா இருக்கட்டும், இல்லைன்னா பாசி பிடிக்கும். இடுக்கு இருந்தா கொசு முட்டை போடும், அடைச்சிருங்க.

எனக்குக் கிடைச்ச லாபம் வேற. போன வாரம் குத்தகைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தம்பி, குத்தகையில கொஞ்சம் குறைச்சுக்கோங்க. அறுப்பு முடிஞ்சதும் நிலத்துல ஆட்டுக்கிடை போட்டுருங்க." செலவுன்னு நான் பல வருசமா விட்டிருந்தது அது. மண்ணுக்குள்ள வேலை பார்க்கிறவங்களுக்கும் சாப்பாடு போடணும்ல.