டைனமோ இறங்கிய வண்டி

பழைய லாரியை ராத்திரியில் ஓட்டியவர்கள் ரயில்வே கேட்டில் நின்றால்கூட ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார்கள். காலை எடுத்தால் ஹெட்லைட் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். டைனமோவின் சுபாவம் அது. எஞ்சின் ஓரளவு வேகம் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். ஐடிலில் நின்றால், சம்பளம் நின்றும் செலவு நிற்காத வீடுபோல, பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

இதைப் பேசத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. மதுரை, திருச்சி, கரூர், பழனி, வத்தலக்குண்டு என எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரிதான். 1920-ல் ஜி.டி.நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டியதும் இந்தப் பக்கம்தான்: பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில். மதுரையில் பஸ் விட்டு வளர்ந்த டி.வி.எஸ், இங்கிலாந்து லூகாஸோடு சேர்ந்து 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ்ஸைத் தொடங்கியது. சென்னை பாடியில் எழுந்த அந்தத் தொழிற்சாலையின் பெயரைத் தெரியாத ஆட்டோ எலக்ட்ரீஷியன் இங்கே இருக்க முடியாது.

நண்பர் ஒருவர் மூக்கு வைத்த பென்ஸ் லாரி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இருந்த காலத்து வண்டி. அதில் டைனமோவை இறக்கி ஆல்டர்னேட்டர் ஏற்றியபோது பட்டறையில் நானும் இருந்தேன்.

டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டாம். அதனால்தான் அந்தக் காலத்து டிரைவர்கள் சார்ஜ் ஏறாத வண்டியையும் சரிவாகப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் உருட்டிக் கிளப்பி, வாரக்கணக்கில் ஓட்டினார்கள். பகலில் அது செல்லும். ராத்திரியில் செல்லாது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே 10 ஆம்பியர் போய்விடும். கார்களில் வந்த லூகாஸ் சி40-1 டைனமோ மொத்தமாகத் தந்ததே 22 ஆம்பியர்தான். அதுவும் நல்ல வேகத்தில். அதே கம்பெனியின் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 தரும்.

வித்தியாசம் எதனால்? டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுற்றுகிற ஆர்மெச்சரில். கனத்த காயில் முழுதும் அதில்தான். பிறந்த மின்சாரம் அத்தனையும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே வரவேண்டும். கூடுதல் வேகத்தில் சுற்றவிட்டால் காயில் பிய்த்துக்கொள்ளும், கம்யூட்டேட்டர் கருகும். ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். மின்சாரம் பிறக்கும் காயில் வெளிக்கூட்டில் அசையாமல் இருக்கிறது. காந்தமாகும் ரோட்டர் மட்டும் சுற்றுகிறது. பிரஷ்ஷில் போவது சில ஆம்பியர்தான். ஆகவே சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றவிடலாம், ஐடிலிலேயே சார்ஜ் வரும். பிறப்பது ஏசி, அதை டிசி ஆக்க மலிவான சிலிக்கான் டையோடு வரும்வரை உலகமே காத்திருந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லரின் 1960 வாலியன்ட் காரில்தான் ஆல்டர்னேட்டர் கம்பெனி பொருத்தமாகவே வந்தது.

பட்டறையில் பாதிப் பொழுது பிராக்கெட்டுக்கே போனது. டைனமோ நீளமாக, மெலிந்து, தொட்டிலில் படுத்த மாதிரி இருக்கும். ஆல்டர்னேட்டர் குட்டை, பருமன். லேத்தில் புஷ் கடைந்து, பெல்ட் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்து வாஷர் போட்டார்கள். பெல்ட் கோணினால் பேரிங் போய்விடும். பிறகு கட்-அவுட் பெட்டியைக் கழற்றினார்கள். பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் தடுத்த பெட்டி அது. அந்த வேலையை இனி டையோடே பார்த்துக்கொள்ளும். பழைய மெலிந்த வயரையும் மாற்றியாக வேண்டும். 20, 30 ஆம்பியருக்கு இழுத்த வயரில் அதற்கு மேல் விட்டால் புகைதான். டேஷ்போர்டு சார்ஜ் லைட்டும் அலங்காரமல்ல. ரோட்டரை முதலில் உசுப்பிவிடும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் டிரைவரிடம் சொன்னார்: "அண்ணே, சார்ஜ் ஏறுதான்னு பாக்க ஓடுற வண்டியில பேட்டரி டெர்மினலக் கழட்டிறாதீங்க. டையோடு போயிரும்." டைனமோ காலத்து டிரைவர்களின் கைப்பழக்கம் அது. பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான். பாசிட்டிவ் எர்த்தில் வந்த பழைய இங்கிலாந்து வண்டிகளுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். அவற்றின் எர்த்தை முதலில் நெகட்டிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழமை கெட்டுவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்தும் வண்டியென்றால் அவர்கள் சொல்வது சரி. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள்கூட, 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளில் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. ஆனால் சிறுமலைக் கொண்டைஊசி வளைவில் இருட்டில் இறங்கப்போகும் வண்டிக்கு வெளிச்சம்தான் முக்கியம். எதிரே வருபவருக்கும் சேர்த்து.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய டைனமோவைச் செம்புக்காக எடைக்குப் போடாதீர்கள். பிராக்கெட், புல்லி, கட்-அவுட் எல்லாவற்றையும் சேர்த்துச் சாக்கில் கட்டி, வண்டி நம்பரை எழுதி வையுங்கள். ஆர்மெச்சர் சுற்றத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. அடுத்து வாங்குபவர் பழையபடி மாட்ட நினைத்தால் வேறெங்கும் கிடைக்காது.