பின்பக்கங்கள்

தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வீடு மட்டுமில்லை, திருநெல்வேலி டவுனில் நாங்கள் இருந்த வளவு முழுக்கவே அந்தப் பழக்கம்தான். தெருவாசலில் நுழைந்தால் நீளமான முடுக்கு, இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. எங்கள் வீட்டில் ஆனந்த விகடன் வாங்குவார்கள். எதிர்வீட்டு மதினி வீட்டில் கல்கி. கடைசி வீட்டில் குமுதம். காசு கொடுத்து வாங்குவது ஒரு பத்திரிகைதான், படிப்பதென்னவோ மூன்றும். ஒரு இதழ் வளவைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அது எந்தெந்த வீட்டில் எத்தனை நேரம் இருந்தது என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். கைக்குழந்தை இருந்த வீட்டுக்குப் போய்வந்தால் வசம்பும் சாம்பிராணியும் மணக்கும். அடுக்களையிலேயே உட்கார்ந்து படிக்கிற மதினியிடமிருந்து வந்தால் தாளின் ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்திருக்கும். குமுதத்து வீட்டு அண்ணாச்சி பொடி போடுகிறவர் என்பதால் அவர் படித்த பக்கத்தைத் திருப்பினாலே எனக்குத் தும்மல் வந்துவிடும்.

புது இதழ் வந்த அன்று அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. முதலில் சித்தி. தார்சாத் தூணில் சாய்ந்துகொண்டு, தொடர்கதையை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ச்சே, இந்த இடத்திலயா நிறுத்துவாங்க" என்று பெருமூச்சு விடுவாள். பிறகு அப்பா. ராத்திரிச் சாப்பாடு முடிந்து அங்கணத்தில் பாத்திரச் சத்தம் ஓய்ந்ததும் அம்மா பட்டாசலில் உட்கார்ந்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவாள். ஆச்சிக்குக் கண் மங்கல், காது கூர்மை. ஒரு வரியைத் தாண்டினால்கூட, "ஏட்டி, என்னமோ விட்டுட்டு வாசிக்கியே" என்று பிடித்துவிடுவாள். அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு, வெற்றிலை இடிக்கிற சத்தத்துக்கு நடுவே, எந்தக் கதையில் யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்றே தெரியாமல், குதிரைக் குளம்பொலியையும் சுரங்க வழியையும் மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

கிழிப்பதற்குரிய நாள் தனி. அடுத்த இதழ் கைக்கு வந்த பிறகுதான் பழையதைப் பிரிக்கலாம். பின் கழற்றுவது என் வேலை. மழுங்கின கத்தி முனையால் நடுப்பக்கத்துப் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, இதழைத் திருப்பிப் போட்டு, தாள் கிழியாமல் மெல்ல உருவ வேண்டும். இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தபோது ரொம்ப உயர்ந்துவிட்டதாக நினைப்பு. வளவுப் பையன்கள் கோலிக்குக் கூப்பிட்டாலும், "வேலை கிடக்குடே" என்று பெரியமனுஷன் மாதிரிச் சொல்லி அனுப்புவேன். உருவிய பின்களை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

கிழித்த தாள்கள் ரெங்குப்பெட்டிக்குப் போகும். ஆச்சி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. அதற்குள் ஏற்கெனவே தைத்து முடித்த தொகுதிகள் இருந்தன. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950-இல் தொடங்கி வாராவாரம் வந்தபோதே ஆச்சி சேர்த்தது, மணியம் வரைந்த படங்களோடு, ஐந்து பாகமும். அப்புறம் விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலு படங்களோடு. 1968-இல் அது சினிமாவாக வந்தபோது வளவே திரண்டு போய்ப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஆச்சிக்குச் சிவாஜியையும் பத்மினியையும் பிடிக்கும்தான். ஆனாலும் படம் பார்த்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து, கோபுலுவின் மோகனாவை விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ நம்ம வீட்டுக்கு வாராவாரம் வந்தவல்லா" என்றாளாம்.

ஒரு தொடர் முடிந்ததும் சித்தப்பா தாள்களை அடுக்கிக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு மேலரதவீதிப் பக்கத்துச் சந்தில் இருந்த பைண்டர் தாத்தாவிடம் போவார். அந்தக் கடையை நினைத்தால் முதலில் வருவது பசையின் வாசனை. மைதா மாவைக் காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார். வெள்ளைப் பசையில் மெல்லிய நீலம் ஓடும். தாத்தா தரையில் சம்மணமிட்டு, தாள்களைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்து, ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைப்பார். பிறகு முதுகில் காலிக்கோ துணி, இரண்டு பக்கமும் அட்டை, அதன்மேல் பல நிறம் குழம்பிய பளிங்குக் காகிதம். கடைசியில் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துத் திருகி இறுக்கி, ஓரத்தை வெட்டுவார். சரசரவென்று விழுகிற காகித நறுக்குகளை அள்ளிக்கொண்டு வந்து, சப்பரத்துக்குத் தோரணம் கட்டுவோம். வெட்டுகிறபோது சில பக்கங்களில் மேல் வரியும் சேர்ந்து போய்விடும். அந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆச்சி சொல்வதுதான் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு சாண்டில்யன் தொடரில் நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிற்று. யாரோ கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போய் அங்கேயே விட்டுவிட்டார்கள். சித்தி விடவில்லை. பாட்டப்பத்தில் இருந்த கூட்டாளியிடம் அந்தக் குமுதத்தை இரவல் வாங்கி வந்து, கோடு போடாத தாளில், கறுநீல மையில், அத்தியாயம் முழுவதையும் எழுதி முடித்தாள். லதா வரைந்த படத்தையும் விடவில்லை. வெள்ளைத்தாளில் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து, கண்ணாடி மாதிரி ஆனதும், இரவல் புத்தகத்தில் கறைபடாமல் மேலே வைத்து வரைந்தெடுத்தாள். இளவரசியின் மூக்கு மட்டும் சித்தியின் மூக்கு மாதிரியே வந்தது. அந்தத் தாள்களையும் பைண்டர் தாத்தா அதனதன் இடத்தில் வைத்தே தைத்துக் கொடுத்தார். அச்செழுத்து ஓடிக்கொண்டே வந்து, சட்டென்று சித்தியின் சாய்ந்த கையெழுத்தாகி, மறுபடி அச்சாகும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் நான் இந்தத் தொகுதிகளுக்குள்தான் விழுந்தேன். ஆனால் என்னை இழுத்தது கதை இல்லை. தொடர் முடிகிற தாளின் பின்பக்கம். அங்கே பாதிச் சிரிப்புத் துணுக்கு இருக்கும். எலுமிச்சங்காய் ஊறுகாய்ச் செய்முறையின் கடைசி மூன்று வரி இருக்கும். பல்பொடிக்கும் தலைவலித் தைலத்துக்கும் விளம்பரம் இருக்கும். வேறு யாரோ எழுதிய சிறுகதையின் முடிவு மட்டும் இருக்கும். ரயில் கிளம்பிவிட்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது போல ஒரு முடிவு. யார் அவள், எந்த ஊர் ரயில், ஏன் பார்க்கவில்லை? கிணற்றடியில் உட்கார்ந்து அதற்கு முன்கதைகளை நானே கட்டுவேன். எழுத்து என்று நான் முதலில் செய்தது அதுதான். பிற்பாடு எந்த அலுவலகத்திலும் சேராமல், கேட்கிற பத்திரிகைக்கெல்லாம் எழுதிப் பிழைக்கிறவனாக ஆனதற்கு அந்தப் பின்பக்கங்கள்தாம் காரணம் என்று மனதார நம்புகிறேன்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்புகளாக வந்துவிட்டது. படமே இல்லாத மலிவுப் பதிப்பும் உண்டு. கதை யாருக்கும் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் அந்தக் கதையை வாரக்கணக்கில் காத்திருந்து படித்த ஒரு வீடு எதைச் சாப்பிட்டது, எந்தச் சோப்பை ஆசையாகப் பார்த்தது, எந்தத் துணுக்குக்குச் சிரித்தது என்பதெல்லாம் தைத்த தொகுதிகளில் மட்டும்தான் இருக்கிறது. அச்சகத்தார் ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். ஆனால் தொகுதி ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ மச்சிலோ இப்படி ஒரு தொகுதி கிடந்தால் அதைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. இரண்டுமே தனி மனிதர்கள் ஆசைப்பட்டுச் சேர்த்த புத்தகங்களிலிருந்து எழுந்தவை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, நடுவில் யாராவது கையால் எழுதிச் சேர்த்த தாள் இருந்தால் அதை உருவி எடுத்துவிடாதீர்கள்.