ஆறாவது மாசம் யார் இருப்பா?

எங்க ஊர் இண்டூர். தர்மபுரியில இருந்து பென்னாகரம் போற வழியில வரும். ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரமே ரூம்மேட் கேட்டான், "மச்சி, நீ பல்லே விளக்க மாட்டியா?" தினமும் ரெண்டு வேளை விளக்குறவன் நான். அந்தப் பழுப்புக் கோடு எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. சின்ன வயசுல பல் உருவாகும்போதே தண்ணியில இருந்த ஃப்ளோரைடு போட்ட கோடு அது.

எங்க மாவட்டத்துப் பாறை அப்படி. அதுல இருக்குற ஃப்ளோரைடு நிலத்தடி நீர்ல கரையும். நிறம் இல்லை, வாசனை இல்லை. கொதிக்க வச்சாலும் போகாது; தண்ணி ஆவியாகி மிச்சம் இருக்குறதுல இன்னும் அடர்த்திதான் ஆகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அளவு மீறி வருஷக்கணக்கா குடிச்சா எலும்புலயும் ஏறும். எங்க ஆயாவுக்கு முதுகு நிமிராது. வயசுன்னு ஒரு டாக்டர் சொன்னார், தண்ணின்னு இன்னொருத்தர்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க கிளப்ல இருந்து நேபாளம் போறாங்க. தராய் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம், அங்க ஆழ்குழாய்த் தண்ணியில ஆர்சனிக். பத்து நாள், ஒரு ஃபில்டர், ஆளுக்கு 28 ஆயிரம். பிரசன்டேஷன்ல ஒரு குழந்தை சிரிக்கிற போட்டோ, கீழ "பயனாளிகள்: 60".

அந்த போட்டோவுக்குள்ள நான் இருந்திருக்கேன். ஸ்கூல்ல படிக்கும்போது ஒரு டீம் வந்து ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் வச்சாங்க. "தம்பி, பல்லைக் காட்டு"ன்னு போட்டோவும் எடுத்தாங்க. நல்ல ஃபில்டர்தான். ஆனா அலுமினா கொஞ்ச நாள்ல ஃப்ளோரைடால நிரம்பிடும். காரமும் அமிலமும் விட்டுக் கழுவிப் புதுப்பிக்கணும். அதை யாருக்கும் யாரும் சொல்லித் தரல. குழாய் பாட்டுக்கு ஓடுச்சு, தண்ணி அதே ருசி. செத்த ஃபில்டருக்கும் உயிரோட இருக்குறதுக்கும் வெளிய வித்தியாசமே தெரியாது. நாங்க குடிச்சோம்.

அதனால மீட்டிங்ல ரெண்டு கேள்வி கேட்டேன். ஆறாவது மாசம் அந்தத் தண்ணியை யார் டெஸ்ட் பண்ணுவா? அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களா? ரெண்டாவது கேள்விக்கு எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. கம்போடியாவுல இல்லங்கள்ல இருந்த பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்ததா யுனிசெஃப் சொல்லியிருக்கு. நேபாளத்துலயும் இதே பிரச்சினை. படிக்க வைக்கிறோம்னு சொல்லி ஏழை வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, தன்னார்வலர்கள்கிட்ட காசு வாங்குற இல்லங்கள் உண்டு.

"உங்க ஊருக்கே ஜப்பான் காசுலதானடா தண்ணி வந்துச்சு?"ன்னான் ஒருத்தன். நியாயமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல அடிக்கல் நாட்டி 2013-ல திறந்தாங்க, ஜப்பான் கடன்தான். ஆனா அதை நடத்துறது நம்ம குடிநீர் வடிகால் வாரியம். தண்ணி வரலைன்னா பஞ்சாயத்துல போய் சத்தம் போடலாம். நேபாளத்துலயே நல்ல உதாரணம் இருக்கு: காஞ்சன் ஃபில்டர். எம்ஐடி ஆளுங்களும் என்போங்குற உள்ளூர் அமைப்பும் சேர்ந்து பண்ணினது. மணல், செங்கல் துண்டு, இரும்பு ஆணி, அவ்வளவுதான். ஆணி துருப்பிடிக்கும், ஆர்சனிக் அந்தத் துருவுல ஒட்டிக்கும். பழுதானா பொருள் பக்கத்துக் கடையிலயே கிடைக்கும். எஞ்ஜினியர்ஸ் வித்தவுட் பார்டர்ஸோட அமெரிக்கக் கிளைகூட ஒரு ஊரை எடுத்தா குறைஞ்சது அஞ்சு வருஷம் கூட இருக்கணும்னு விதி வச்சிருக்கு. நாம பத்து நாள்.

"நீ வர்றியா இல்லையா, அதை மட்டும் சொல்லு"ன்னாங்க சீனியர் அக்கா. வரலைன்னுட்டேன். கொஞ்ச நாள் யாரும் சரியா பேசல.

போன வாரம் அக்காவே கூப்பிட்டாங்க. இல்லத்துக்கு மெயில் போட்டுக் கேட்டிருக்காங்க. அங்க ஏற்கனவே ரெண்டு ஃபில்டர் இருக்காம், வேற வேற டீம் வச்சது. ரெண்டுமே ஓடலையாம். "புதுசு வேண்டாம்டா, அதை ரிப்பேர் பண்ணி, அங்க இருக்குற பிளம்பருக்கு சொல்லிக் கொடுத்துட்டு வரலாம். வர்றியா?"ன்னாங்க.

நேபாளத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம், வோட்டர் ஐடி போதும். எடுத்து வச்சிருக்கேன். ரெண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல. அது வந்த பிறகுதான் டிக்கெட்.