பித்தளை பக்கிளும் கிரீடமும்
பக்கத்துத் தெரு நண்பர் பழைய சாமான் கடையில் நாலாயிரம் கொடுத்து ஒரு ராணுவ பெல்ட் பக்கிள் வாங்கி வந்தார். பர்மா போர்முனையில் இருந்த அவர் அப்பாவின் படத்துக்கருகே, திதியன்று வைக்க வேண்டுமாம். "ஒரிஜினல்தானே சார்?" என்றார்.

பாடியில் டூல்ரூமில் 31 வருடம் டை பார்த்தவன் நான். முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். பொடிப்பொடித் துளைகள், வார்ப்பு. அதனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, அந்தக் காலத்திலும் பித்தளை வார்த்தார்கள். ஆனால் உபயோகத்தில் தேய்ந்தால் மேடுகள்தான் மழுங்கும். இதில் பள்ளத்துக் கோடுகளும் மழுங்கியிருந்தன. இன்னொன்றை அச்செடுத்து வார்த்தால் அப்படித்தான் வரும். பச்சைக் களிம்போ, புளி வைப்பதற்கு முன்பே துணியோடு வந்துவிட்டது.

காட்டிக்கொடுத்தது கிரீடம். ஜார்ஜ் மன்னர் காலத்துக் கிரீடம் உச்சியில் குவிந்திருக்கும். இதில் நடுவே குழிந்திருந்தது. அது எலிசபெத் ராணி 1952-ல் பட்டத்துக்கு வந்தபின் ஏற்பட்ட வடிவம். நம் ராணுவமோ 1950-லேயே கிரீடத்தை விட்டு அசோகச் சிங்கத்துக்கு மாறிவிட்டது. கீழே பொறித்திருந்த வருடம் 1943!

திதிக்கு நாலு நாள்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பார்க்கிறேன் என்று எழுந்தார்.