சுண்ணாம்புத் தொட்டி

அக்கா மகள் காரைக்குடி சிக்ரியில் பி.டெக். படிக்கிறாள். வேதிப் பொறியியல். 1953-இல் திறந்த அந்த மின்வேதியியல் ஆய்வகத்தின் மதில் ஓரமாக எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே போக நம்ம வீட்டில் ஒருத்தி பிறப்பாள் என்று நினைத்ததில்லை.

போன மாதம் நோட்டை விரித்துக்கொண்டு, "மாமா, பிராசஸ் ஆப்டிமைசேஷன். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்றாள். நான் எம்.ஏ. தமிழ். முதலில் நீ விளக்கு என்றேன்.

தாதுவை அமிலத்தில் ஊறவைத்துச் செம்பு பிரிக்கிறார்கள். அமிலம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரம், தாதுவை எவ்வளவு பொடியாக அரைப்பது? கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல் எடுக்கும்போதும் இதே மாதிரிக் கேள்விகள்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடும். எல்லாம் பொருந்தி வருகிற இடத்தைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் அந்த இடம் தப்பிப் போகலாம். பலவற்றைச் சேர்த்து மாற்றிப் பார்க்கும் கணக்கை 1951-இல் பாக்ஸ், வில்சன் என்ற இரண்டு பேர் எழுதினார்களாம்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு நாற்றம் அடித்தது. தாத்தாவுடைய தொட்டி நாற்றம்.

கண்மாய்க்கரையில், சேரிக்கும் அப்பால், தாத்தா தோல் பதனிட்டார். பறைக்கும் செருப்புக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார். பழைய சுண்ணாம்புத் தண்ணியைக் கொட்டமாட்டார், புதுசோடு கலப்பார். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது: பழைய தண்ணியில் இருக்கிற கிருமிகளும் தோலிலிருந்து கரைந்தவையும் மயிரைச் சீக்கிரம் தளர்த்தும். மார்கழிக் குளிரில் கூடுதல் நாள். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணி. புதுத் தோலை முதலில் சத்துப்போன பழைய பட்டைத் தண்ணியில்தான் போடுவார், அப்புறம்தான் கடும் தண்ணி. எடுத்ததுமே கடுசாகப் போட்டால் மேல்தோல் இறுகிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே கிடந்து அழுகும்.

இதைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரோம் பதனிடுதலிலும் இதேதான் மாமா என்றாள். முதலில் அமிலம் மிகுந்த நிலையில் குரோமியத்தை உள்ளே ஊடுருவ விட்டு, பிறகு பி.எச். அளவை மெள்ள 4 வரைக்கும் ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் மேலேயே படிந்துவிடும். வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் சுமாராக 60, 70 விழுக்காடுதான் தோலில் பிடிக்கும். மீதி சாக்கடைக்கு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுக் குழம்புத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள்.

"உங்க கணக்குல எதைக் கூட்டுவீங்க?"

"யீல்டு. சுத்தம்."

"எதைக் குறைப்பீங்க?"

"செலவு, நேரம், கரண்டு."

"தொட்டிக்குள்ள கையை விடுறவன் எங்க வருவான்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாதுகாப்பு வரம்புன்னு ஒண்ணு போடலாம் மாமா." போடு என்றேன்.

இதையெல்லாம் எழுதுவதால் அந்தத் தொழில் வேண்டும் என்று சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு தின்ற தாத்தாவின் நகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையில் தண்ணி வாங்கிக் குடிக்காத ஊர், அந்தக் கை செய்த செருப்பைப் போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்துவார். அன்றிலிருந்து நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. தாத்தா கூப்பிடுவார், கேட்காத மாதிரி போய்விடுவேன்.

அதனால்தான் அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. புராஜெக்டுக்கு அளவு வேண்டுமாம். ஒரு தோலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை நாள், பட்டை எத்தனை படி. எனக்குத் தெரியாது. தாத்தா போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

அப்பத்தாவிடம் கூட்டிப் போனேன். கண் சரியாகத் தெரியாது, காது கேட்கும். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டது.

"நாளு என்னத்தா நாளு? ரெண்டு விரலாலப் புடிச்சு இழுத்தா மயிரு வரணும். வந்தா எடுக்குறது."

அவள் பேனாவை வைத்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். எப்படி இழுக்கணும், எவ்வளவு பலத்தில் என்று அப்பத்தா அவள் புறங்கைத் தோலைப் பிடித்துக் காட்டியது.